அத்தியாயம் 7: பழைய பேய்க்குப் புதிய முகவரி

மறந்துபோன ஒரு பேய்ப்படத்தை எடுத்து இன்றைய ரசிகனுக்கு மறுபடி சொல்ல வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "சிஜி எவ்வளவு ஆகும்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பேய் யார்மேல் என்ன பிராது கொடுத்திருக்கிறது?

நம் ஊர்ப் பேய்க்கதைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு பிராது உண்டு. உயிரோடு இருந்தபோது நியாயம் கிடைக்காத ஒருத்தி, செத்த பிறகு வந்து கேட்கிறாள். பங்களா, கிணறு, மல்லிகை வாசனை, கொலுசுச் சத்தம் எல்லாம் பிறகு சேர்ந்தவை. மறு ஆக்கத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பிராதை மட்டும் கைவிடக் கூடாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு விதியை வைத்தே நடக்கிறது. களமாக எடுத்துக்கொண்டிருப்பது சென்னைக்கு வடக்கே, திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும். குறைந்த முதலில் படம் எடுப்பவர்களுக்குப் பக்கத்து ஊர், சினிமா அதிகம் தேய்த்துவிடாத ஊர்.

ஒரு படம், மூன்று உருவம்

1976-ல் நடிகை ஷீலா மலையாளத்தில் 'யக்ஷகானம்' என்ற படத்தை இயக்கினார். அதைத் தழுவி 1978-ல் துரை இயக்கத்தில் 'ஆயிரம் ஜென்மங்கள்' தமிழில் வந்தது. விஜயகுமார், லதா, பத்மப்ரியா, ரஜினிகாந்த் நடித்த படம். புதிதாகக் கல்யாணமான பெண்ணின் உடம்புக்குள் ஓர் ஆவி புகுந்து அவள் கணவனை அடையப் பார்க்கிறது. அதைக் கண்டுபிடித்துப் போராடுகிறவன் அவளுடைய சகோதரன். ரஜினி படங்களின் பட்டியலில்கூட இதைச் சட்டென்று சொல்கிறவர்கள் குறைவு.

2014 செப்டம்பரில் சுந்தர் சி.யின் 'அரண்மனை' வெளியானது. தங்கையின் உடம்பில் ஆவி, அதைக் கண்டுபிடிக்கும் அண்ணன். 'ஆயிரம் ஜென்மங்கள்' தயாரிப்புத் தரப்பு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு படங்களையும் பார்த்து ஒப்பிட்டு அறிக்கை தர, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நீதிமன்றம் நியமித்தது. சட்டச் சண்டையை வக்கீல்களிடம் விட்டுவிட்டு, திரைக்கதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய வேறுபாடுகள் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது, பிராது. பழைய படத்து ஆவிக்கு வேண்டியது ஆள். 'அரண்மனை' ஆவிக்கு வேண்டியது நியாயம். கோயில் நகைத் திருட்டைப் பார்த்துவிட்டதால் கொல்லப்பட்டவள் அவள். காதல் தாகத்தை விடக் கொலை வழக்கு இன்றைய ரசிகனைச் சீக்கிரம் தன் பக்கம் இழுக்கும். பேய் பழிவாங்கும்போது தியேட்டரில் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவது, கூட்டம். பழைய படத்தின் பயம் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு சகோதரன் என்று மூன்று பேருக்குள் நின்றது. புதியதில் சந்தானம், கோவை சரளா, மனோபாலா என்று வீடு நிறைய ஆட்கள். சிரிப்பு கூடியது, வசூல் கூடியது, வரிசையாக அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. ஆனால் தனியாக ஓர் அறையில் மாட்டிக்கொண்டது போன்ற பயம் குறைந்தது. நீங்கள் மறு ஆக்கம் செய்யும்போது இந்த இரண்டில் எது வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். பாதிக்குப் பாதி என்று போனால் சிரிப்பும் வராது, பயமும் வராது.

எந்தப் படத்தை எடுப்பது

வெற்றிப்படத்தைத் தொடாதீர்கள். 'மணிச்சித்திரத்தாழ்', 'ஆப்தமித்ரா' வழியாக 2005-ல் 'சந்திரமுகி' ஆனது பெரிய நடிகரும் பெரிய முதலும் இருந்ததால். சிறிய குழுவுக்கு ஏற்றது, கரு நன்றாக இருந்தும் கைகூடாமல் போன படம். 70-களின் கடைசியிலிருந்து 90-களின் தொடக்கம் வரை தமிழில் அப்படிச் சில உண்டு. ஜி. எம். குமார் இயக்கி, மோகன் நடித்து, இளையராஜா இசையமைத்த 'உருவம்' (1991) ஒன்று. வீணை எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' (1970) ஆவிப்படம் இல்லை. ஆனால் ஒரு பெரிய வீட்டுக்குள் ஒவ்வொருவராகச் சாகும் திகிலுக்கு அது நல்ல பாடம்.

தேர்ந்தெடுத்த படத்தை மூன்று விதமாகப் பாருங்கள். ஒருமுறை சாதாரணமாக. அடுத்து ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு: இப்போதும் பயம் தருகிற காட்சிகள் எவையோ அவைதாம் படத்தின் உண்மையான சொத்து. கடைசியாக, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும்: வசனம் எங்கே கதையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும். அந்த வசனங்களில் பெரும்பாலானவற்றை வெட்டலாம். தனியாக ஓடும் காமெடி டிராக்கையும், கதைக்கு வெளியே நிற்கும் பாட்டுகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சில சமயம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. பதற வேண்டாம். நீங்கள் வாங்கப் போவது அந்த மிச்சத்தைத்தான்.

உரிமை: பேப்பர் வேலை

நிலம் வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதைப் போலத்தான் இதுவும். பழைய படத்தின் உரிமை ஓரிடத்தில் இருப்பது அபூர்வம். தயாரிப்பாளர் காலமாகியிருப்பார்; வாரிசுகள் மூன்று பேர் மூன்று ஊரில் இருப்பார்கள். நெகடிவ் உரிமை பைனான்சியரிடம், டிவி உரிமை ஒருவரிடம், இணைய உரிமை இன்னொருவரிடம், ரீமேக் உரிமை மொழிவாரியாக வெவ்வேறு பேரிடம் போயிருக்கும். உங்களிடம் பேச வருகிறவர் கையில் எது இருக்கிறது என்று கேளுங்கள். "எல்லாம் நம்மகிட்டதான் இருக்கு" என்ற பதிலுக்கு மதிப்பில்லை. முதல் ஒப்பந்தம் தொடங்கி இன்றுவரை கை மாறிய ஒவ்வொரு பத்திரத்தின் நகலும் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் நாளிதழில் பொது அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபம் வருகிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்துக்கான உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதாவது, 1978-ல் வந்த படம் 2038 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. இரண்டாவது, படத்தின் காலம் முடிந்தாலும் கதை எழுதியவரின் உரிமை தனியாக ஓடும்: அவர் இறந்த ஆண்டுக்குப் பிறகும் 60 ஆண்டுகள். 'படம் பழசு, யார் கேட்பார்கள்' என்று இறங்குகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். மூன்றாவது, கருவுக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் தெளிவாகச் சொன்னது. ஆனால் கரு எங்கே முடிகிறது, சொன்ன விதம் எங்கே தொடங்குகிறது என்பதை நீதிமன்றத்தில் போய்த் தெரிந்துகொள்வதைவிட, முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவது மலிவு.

நீங்கள் எடுப்பதே ஒரு ரீமேக் படத்தின் ரீமேக் என்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். மலையாள மூலத்திலிருந்து தமிழுக்குக் கொடுத்த அனுமதி ஒரே ஒரு படத்துக்கா, அல்லது மறுபடி எடுக்கவும் இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதி வாங்காத பேய் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1922-ல் மூர்னோ எடுத்த 'நோஸ்ஃபெராடு', பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை அனுமதியில்லாமல் எடுத்தாண்டது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட, பிரதிகளை எல்லாம் அழிக்கும்படி ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தப்பிப் பிழைத்த சில பிரதிகளால்தான் அந்தப் படம் இன்று நமக்குக் கிடைக்கிறது.

மூலத்துக்கும் மூலம் தேடுவதில் வேறொரு லாபமும் இருக்கிறது. ஜான் கார்ப்பென்டர் 1982-ல் 'தி திங்' எடுத்தபோது, 1951-ல் வந்த படத்தைப் பார்த்து எழுதாமல், அதற்கும் முன்னால் 1938-ல் வெளியான ஜான் கேம்ப்பெல்லின் குறுநாவலுக்குத் திரும்பினார். முந்தைய படம் விட்டுவிட்ட பயம், உங்கள் பக்கத்தில் இருப்பவன் மனிதனா இல்லையா என்ற சந்தேகம், அங்கேதான் இருந்தது.

முகவரி மாற்றம்

பங்களாவை விட்டு வெளியே வாருங்கள். இன்றைய ரசிகனில் பாதிப்பேர் ஜமீன் பங்களாவை நேரில் பார்த்ததே கிடையாது. 2009-ல் 'யாவரும் நலம்' புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீட்டில், வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி தொடருக்குள் பேயை வைத்தது. அதே ஆண்டில் 'ஈரம்' தண்ணீருக்குள் வைத்தது. 2011-ல் ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' பிராதை நிலத்தகராறாக்கி, பிராது கொடுக்கிறவரை ஒரு திருநங்கையாக்கியது. மூன்றிலும் ரசிகன் தினம் புழங்கும் ஏதோ ஒன்றிலிருந்து பயம் வருகிறது.

கும்மிடிப்பூண்டியில் தினம் புழங்குவது எது? சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்களும் ரோலிங் மில்களும் இருக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே அறையில் ஷிப்ட் முறையில் தூங்குகிறார்கள்: பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் நைட் ஷிப்ட்காரன் படுக்கிறான். தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வந்தபோது, ஊரார் காத்துவந்த மேய்க்கால் நிலம் போகிறதே என்று போராடினார்கள். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த அகதிகள் முகாம் ஒன்றும் கும்மிடிப்பூண்டியில் பல்லாண்டாக இருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றுக்குள்ளும் யாரும் பதிவு செய்யாத ஒரு பிராது இருக்கிறது. பேய்ப்படத்துக்கு வேண்டிய மூலப்பொருள் அதுதான்.

ஓர் எச்சரிக்கை. வடமாநிலத் தொழிலாளியை மாந்திரீகம் தெரிந்த பயங்கர ஆளாகக் காட்டுவது சோம்பேறித்தனம். இன்றைய ரசிகன் அதைப் பார்த்து முகம் சுளிப்பான். பயம் அவனிடமிருந்து வர வேண்டாம். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பதிலிருந்து வரட்டும்.

செய்முறை: நீலியைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவருதல்

படத்தின் உரிமை வாங்கப் பணம் இல்லையா? திருவள்ளூர் மாவட்டத்திலேயே உரிமைத் தொல்லை இல்லாத ஒரு பேய் இருக்கிறது. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் நீலி. திருஞானசம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்பு இருக்கும் அளவுக்குப் பழையவள். நாட்டுக் கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை வைத்து பிறர் எழுதிய நாடகமோ எடுத்த படமோ அவரவருக்குச் சொந்தம். ஆகவே கதையை ஊரிலிருந்து எடுங்கள், படத்திலிருந்து எடுக்காதீர்கள்.

வாய்வழியாகப் பல வடிவங்களில் வழங்கும் கதையின் எலும்பு இது. முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்டவள் பேயாக அலைகிறாள். அவன் மறுபிறவியில் வணிகன். ஆபத்து வராமல் காக்க ஒரு மந்திரக் கத்தி வைத்திருக்கிறான். பழையனூர் வழியே வரும்போது அவள் அவன் மனைவியாக உருமாறி, கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். விவகாரம் ஊர்ச்சபைக்குப் போகிறது. குழந்தை வணிகனிடம் தாவிப் போகிறது. சபையோர் அவள் சொல்வதை நம்பி, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஓர் அறையில் விடுகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். வாக்குக் கொடுத்த 70 வேளாளர்களும் தீயில் இறங்கினார்கள் என்று ஊர் சொல்கிறது; அவர்கள் நினைவாக அங்கே மண்டபமும் உண்டு.

இப்போது பட்டியல் போடுங்கள். கதையில் மாற்றக்கூடாதவை நான்கு: கொலை, கத்தி, குழந்தை, வாக்கு. இந்த நான்குக்கும் தொழிற்பேட்டையில் நிகர் என்ன என்று தேடுவதுதான் வேலை.

கொலை: விபத்தில் செத்தவளின் பெயரை மஸ்டர் ரோலிலிருந்து எடுத்துவிட்டு, "இப்படி ஒருத்தி வேலைக்கே வரவில்லை" என்று சொன்ன லேபர் கான்ட்ராக்டர். கத்தி: அவனுடைய மொபைல் போன். ஆலைக்குள் போனுக்கு அனுமதி இல்லை. கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். வாக்கு: பாதுகாப்புச் சான்றில் போட்ட கையெழுத்துகள். குழந்தை: மூடிய ஆலைகளைச் சுற்றி மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்திலிருந்து ஒடித்த ஒரு கிளை. இவற்றை வைத்துக் கேட் காட்சியை எழுதினால் இப்படி வரும்:

இரவு ஷிப்ட் மாறும் நேரம். கேட்டில் வரிசை. கைக்குழந்தையோடு ஒரு பெண் கான்ட்ராக்டருக்குப் பின்னால் நிற்கிறாள்.

செக்யூரிட்டி: யாரும்மா நீ? பாஸ் இருக்கா?

பெண்: இவருகூட வந்தேண்ணா. எங்க வீட்டுக்காரரு.

கான்ட்ராக்டர்: அண்ணே, இவ யாருன்னே எனக்குத் தெரியாதுண்ணே.

பெண்: எப்பவும் இப்படித்தாண்ணா சொல்றாரு.

குழந்தை கான்ட்ராக்டரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்கிறது. வரிசையில் நிற்கும் இரண்டு பெண்கள் சிரிக்கிறார்கள்.

செக்யூரிட்டி: குடும்பச் சண்டையெல்லாம் கேட்ல வெச்சுக்காதப்பா. உள்ள ரூம்ல உக்காந்து பேசி முடிங்க. போனை இங்க குடுத்துட்டுப் போ. உனக்கு ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன்.

போன் லாக்கருக்குள் போகிறது. டோக்கனை வாங்கும்போது கான்ட்ராக்டர் காலரைத் தடவிப் பார்க்கிறான். விரலில் ஒரு முள் குத்தியிருக்கிறது.

கவனியுங்கள்: இந்தக் காட்சியில் அலறல் இல்லை, இருட்டு இல்லை, மேக்கப் இல்லை. ஆவி பொய் சொல்லி ஜெயிக்கிறது. நல்ல மனதோடு வாக்குக் கொடுக்கிறவர்கள் கொலைக்குத் துணை போகிறார்கள். நீலி கதையின் பயம் அதுதான், அது பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. இதே முறையில் நீங்கள் வாங்கிய படத்துக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். மாற்றக்கூடாதவை நான்கைந்துக்கு மேல் போனால், நீங்கள் ரீமேக் செய்யவில்லை, நகல் எடுக்கிறீர்கள்.

ஒலி, அனுமதி, பாதுகாப்பு

பழைய படங்கள் நரி ஊளையையும் கதவுக் கிறீச்சையும் நம்பின. தொழிற்பேட்டையில் இரவும் பகலும் ஓசை இருக்கிறது: ஷிப்ட் சைரன், ஸ்கிராப் கொட்டும் சத்தம், கிரேன் மணி, தூரத்தில் சரக்கு ரயில். இந்த ஊரில் பயம் காட்ட ஓசையைக் கூட்ட வேண்டாம், நிறுத்துங்கள். எல்லா இயந்திரமும் ஒரே நொடியில் நின்றுபோனால் அங்கே வேலை செய்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான், ரசிகனும் பார்ப்பான். ஒலிப்பதிவாளரைப் படப்பிடிப்புக்கு முன்பே ஓர் இரவு அங்கே அனுப்பி உண்மையான ஓசைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் படப்பிடிப்பு வைக்காதீர்கள். மூடிய ஆலையிலும், கூரை, குழி, பழைய ரசாயனத் தொட்டி ஆகியவற்றை விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே குழுவை உள்ளே விடுங்கள். தனியார் ஆலை என்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ரயில் நிலையம் என்றால் தெற்கு ரயில்வேயின் அனுமதி. பழவேற்காட்டில் 17-ம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது; நுழைவாயிலிலேயே எலும்புக்கூடுகள் செதுக்கியிருப்பதால் பேய்ப்பட இயக்குநர்களுக்குக் கை அரிக்கும். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அனுமதியில்லாமல் கேமராவை வைக்காதீர்கள். கல்லறைமேல் விளக்கு ஸ்டாண்டு நிறுத்துவது அனுமதி இருந்தாலும் கூடாது.

பேய்ப்படங்களில் குழந்தையும் மிருகமும் அடிக்கடி வரும். குழந்தை நடிகரை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளி இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். கறுப்புப் பூனையோ காக்கையோ வந்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் சான்று இல்லாமல் தணிக்கைக்குப் போக முடியாது.

தணிக்கையைத் திரைக்கதை எழுதும்போதே நினைவில் வையுங்கள். 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி யுஏ சான்றிதழ் இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 'ஏ' வாங்கினால் டிவி உரிமையை விற்பது கடினம். சிறிய படத்துக்கு அந்தப் பணம் முக்கியம். ரத்தத்தைக் குறைத்து 16+ வாங்கிக்கொண்டு, பயத்தைப் பிராதிலிருந்து எடுங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய படத்தை எழுதியவர்கள் பலரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. உரிமையைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டோம், பெயர் எதற்கு என்று நினைக்காதீர்கள். டைட்டில் கார்டில் மூலப்படத்தின் பெயரையும் அதன் கதாசிரியர் பெயரையும் உங்கள் பெயருக்கு முன்னால் போடுங்கள். நியாயம் கேட்டு வரும் பேயைப் பற்றிப் படம் எடுக்கிறவர், முதல் நியாயத்தைத் தன் படத்தின் முதல் கார்டிலேயே செய்ய வேண்டும்.